அண்ணனின் நெஞ்சுக்குச் சுறா எண்ணெய்

அண்ணனின் முதுகில் காதை வைத்துக் கேட்ட அப்பா, "கட்டை காஞ்சு போச்சு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனிதனின் நெஞ்சுக்குள் ஏது கட்டை?

எங்கள் உச்சமுனைக் கரையில் வள்ளத்தை மணலில் இழுத்தேற்றும்போது அடியில் மரக்கட்டைகளைப் போடுவார்கள். கட்டை காய்ந்திருந்தால் வள்ளம் கர்ர் கர்ரென்று கத்தும், நகராது. சுறா எண்ணெயை ஒரு கை அள்ளிப் பூசினால் சத்தம் அடங்கி வழுக்கிக்கொண்டு ஏறும். அப்பாவுக்கு உலகத்தில் உள்ள அத்தனை கோளாறுக்கும் அதுதான் மருந்து. எங்கள் வீட்டுக் கதவுகூட அந்த எண்ணெயில்தான் நாறும்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரன் கூப்பனுக்கு அளந்து தந்த அரிசியில் உலை வைத்த காலம். அண்ணனுக்குக் காய்ச்சல் வந்து, வலப்பக்க விலாவில் குத்து வந்தது. மூச்சை இழுத்தால் குத்தும். இருமினால் கண்ணில் தண்ணீர் வரும். வலை இழுத்த ஆம்பிளை, பாயில் சுருண்டு கிடந்து மூச்சை எண்ணி எண்ணி விட்டான். நானும் காதை வைத்துப் பார்த்தேன். பொய்யில்லை, உள்ளே ஏதோ கர்ர் என்று உரசியது. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

"கற்பிட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்" என்றேன்.

"என்னத்துக்கு? உப்புக் காத்துப் பட்டு நெஞ்சுக்குள்ள ஈரல் காஞ்சு போச்சு. எண்ணெய் குடுத்தா வழுக்கும்."

"பிள்ளையா, வள்ளமா, அப்பா அது?"

"நீ வாயை மூடு!"

வாயை மூடுகிற பிள்ளையா நான்? கத்தித் தீர்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. காலையில் ஒரு கரண்டி உள்ளுக்கு, பின்னேரம் முதுகுக்கு. வீட்டைச் சுற்றி ஊர்ப் பூனையெல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டன.

ஆனால் என்ன அதிசயம்! ஒரு வாரம் போனதும் குத்து நின்றது. அப்பா காதை வைத்தார்; சத்தமே இல்லை. "இப்ப என்ன சொல்லுறாய்?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அம்மா அந்தோனியாருக்கு நேர்ந்திருந்த மெழுகுதிரியை ஏற்றி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாற்சோறு கொடுத்தாள். எனக்கும் சந்தோசம்தான், தோற்றதில்கூடச் சந்தோசம்.

அந்தப் பாற்சோற்றை அண்ணன் முழுதாகச் சாப்பிடவில்லை. இரண்டு வாய்க்கு ஒருதரம் மேல்மூச்சு வாங்கினான். நோவில்லை என்றான், ஆனால் கிணற்றடிவரை நடந்துவிட்டு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். "பலயீனம்" என்றார் அப்பா, எண்ணெயைக் கூட்டினார். பிறகு படுக்கவே முடியவில்லை. ஒரு விடியற்காலை பார்க்கிறேன், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான், உதடு நீலம். "ஐயோ மாதாவே!" என்று நான் போட்ட சத்தத்தில் அப்பா வள்ளத்தைத் தள்ளினார்.

கற்பிட்டியில் டொக்டர் அண்ணனின் முதுகில் விரலை வைத்துத் தட்டினார். இடப்பக்கம் டொம் டொம் என்றது. வலப்பக்கம், நிரம்பிய தண்ணீர்ப் பீப்பா மாதிரி, சத்தமே எழும்பவில்லை. அவர் முகம் மாறிவிட்டது. "குத்து எப்ப நிண்டது?" என்று கேட்டார். அப்பா பெருமையாகவே சொன்னார், எண்ணெய்க் கதையையும் சேர்த்து.

டொக்டர் ஒரு பெரிய ஊசியை விலாவுக்குள் விட்டார். மஞ்சள் நிறத்தில், தெளிவாக, ஒரு நீர் வந்துகொண்டே இருந்தது. பேசின் நிரம்பி இன்னொரு பேசின் வைத்தார்கள். ஒரு நெஞ்சுக்குள் அவ்வளவா? அப்பா பேசினைப் பார்த்தார், நிறத்தைப் பார்த்தார். பேயறைந்த மாதிரி நின்றார்.

"எண்ணெயா ஐயா? நான் குடுத்த எண்ணெயா?"

"எண்ணெய் வயித்துக்குத்தான் போகும்" என்றார் டொக்டர். "இது அவற்ற உடம்பின்ர சொந்தத் தண்ணி."

பிறகு கையோடு கையை வைத்துத் தேய்த்துக் காட்டினார். சுவாசப்பையின் மேல் ஒரு மெல்லிய சவ்வு, நெஞ்சுக்கூட்டின் உட்புறம் இன்னொரு சவ்வு. இரண்டுக்கும் நடுவில் கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர். அதை உடம்பே கசியவிடும், உடம்பே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் ஒவ்வொரு மூச்சுக்கும் இரண்டும் வழுக்கிப் போய் வருகின்றன, நமக்குத் தெரிவதேயில்லை. சவ்வு அழற்சியால் வீங்கிச் சொரசொரத்தால் உரசும், குத்தும்.

"அப்ப சத்தம் ஏன் நிண்டது?" என்று நான் கேட்டேன்.

"தண்ணி கூடி, ரெண்டு சவ்வையும் விலக்கிப் போட்டுது. உரச ஒண்டுமில்ல, அதால நோவுமில்ல. சத்தம் நிண்டு நீங்க சந்தோசப்பட்ட நேரம், தண்ணி ஏறிக்கொண்டு இருந்திருக்கு."

பாற்சோறு கொடுத்தோமே! மெழுகுதிரி ஏற்றினோமே! அவன் உள்ளுக்குள் மூழ்கிக்கொண்டிருக்க, நாங்கள் வெளியே நின்று சிரித்திருக்கிறோம். கூட வந்திருந்த அம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். இனித் தண்ணீர் திரும்ப ஏறினால் தாங்க மாட்டார், வற்றினால் தப்பலாம் என்றார் டொக்டர். வேறு உறுதி ஒன்றும் அவர் தரவில்லை.

வார்ட்டில் அப்பா கட்டிலை விட்டு நகரவில்லை. மணிக்கொருதரம் மகனின் முதுகில் காதை வைப்பார், ஒன்றும் கேட்காது, எழுந்து நிற்பார். வைவதற்கு என் வாயில் எவ்வளவோ இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து ஒன்றும் வரவில்லை.

சில நாட்கள் கழித்து, பகல் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அண்ணன் திடீரென்று விலாவைப் பிடித்துக்கொண்டு "அம்மா!" என்று கத்தினான். பழைய குத்து. எனக்கு உயிரே போய்விட்டது. நான் பிடித்திருந்த கஞ்சிக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு டொக்டரிடம் ஓடினேன். அவர் வந்து காதுக்குழாயை முதுகில் வைத்து நெடுநேரம் கேட்டார்.

"நல்லது" என்றார். "தண்ணி வத்துது. சவ்வு ரெண்டும் திரும்பச் சேருது."

அப்பா அவரைத் தள்ளாத குறையாக விலக்கிவிட்டு அண்ணனின் முதுகில் காதை அழுத்தினார்.

"கேக்குது பிள்ள!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். வார்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "கர்ர் எண்டு கேக்குது!" கண்ணீர் தாடியில் வழிந்தது.

"நோகுது அப்பா, தலையை எடுங்க" என்றான் அண்ணன்.

அப்பா எடுக்கவில்லை.