இறங்குவதற்கு ஒரு வேண்டுதல்

கெங்கம்மாளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனால் திருத்தணிக் கடைத்தெருவில் இரண்டு வருடமாக அவளைச் சைக்கிள் இல்லாமல் பார்த்தவர்கள் கிடையாது. கைப்பிடியின் மேல் சாய்ந்து, முதுகை வளைத்து, தள்ளிக்கொண்டே வருவாள். சைக்கிளுக்குச் சொந்தக்காரரான அவள் புருஷன் துளசிங்கம் வெறுங்கையோடு பின்னால் வருவார். வண்டியை வீட்டுக்காரம்மா பேருக்கு எழுதிக் கொடுத்தாச்சா என்று கீரைக்காரர் கேட்டால், வண்டியை மட்டுமா என்பார்.

சைக்கிளை விட்டால் தெருமுனைவரைகூட அவளால் போக முடியாது. நிமிர்ந்து கொஞ்சம் நடந்ததும் இரண்டு கால்களும் கனத்துப்போகும். கெண்டைச்சதை எரியும், பிறகு மரத்துவிடும். எங்கேயாவது உட்கார்ந்து முன்னால் குனிந்தால் போதும், வலி வந்த சுவடு தெரியாது. குனிந்தால் அவள் பழைய கெங்கம்மாள்தான்.

ஆர்.கே.பேட்டைப் பக்கம் வேர்க்கடலைக் கொல்லையில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த பிறகுதான் சேற்றில் கால் வைத்தாள். முதல் வருடம் அவள் நட்ட வரிசை பாம்பு போன மாதிரி இருந்ததாம். அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பக்கத்து நடவுகளில் அவள்தான் முதல் ஆள். கால்வலி வந்த பிறகும் நடவில் ஒரு குறையும் இல்லை. காலையில் குனிந்தால் பொழுது சாயும்வரை குனிந்தே நடுவாள். கரையேறி வீட்டுக்கு நடக்கும்போதுதான் வரப்புக்கு வரப்பு உட்காருவாள். துளசிங்கத்தின் தங்கை கோவிந்தம்மாளுக்கு இது நல்ல தீனி.

"நடவுல நோவாத இடுப்பு ஊட்டுக்கு நடந்தா மட்டும் நோவுதா அண்ணி? போனா சோறாக்கணும், அதானே?"

சேற்றிலிருந்து சிரிப்பு எழும். கெங்கம்மாளும் சிரிப்பாள். அவளுக்கே தன் வலி நம்பும்படியாக இல்லை.

டிசம்பர் மாதம், வருடக் கடைசி நாளில் மலையில் படித் திருவிழா. ஒவ்வொரு படியையும் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிக்கொண்டே மேலே போவார்கள். பாதி மலையில் பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவது வழக்கம். அந்த வருடம் கெங்கம்மாள் ஒரு படியைக்கூட விடவில்லை. குனிந்தபடி பூசிக்கொண்டே ஏறினாள், மூச்சுக்கூட வாங்கவில்லை. கோவிந்தம்மாள் வாயைப் பிளந்தாள். மேலே தரிசன வரிசையில் நிமிர்ந்து நின்ற பிறகு கால்கள் போயின. படி இறங்க ஆரம்பித்ததும் மூன்றாவது திருப்பத்தில் உட்கார்ந்தவள் எழவில்லை. இரண்டு பேர் கைத்தாங்கலாக மறுபடி மேலே தூக்கிப்போய், ஆட்டோவில் ஏற்றி, மலைச் சாலை வழியாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஊரே பார்த்தது. கறிகாய் மூட்டை மாதிரி இறக்கினார்கள் என்று பிறகு பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காரணத்தைக் கோவிந்தம்மாள் கண்டுபிடித்தாள். ஏறும்போது நோவவில்லை, இறங்கும்போது நோவுகிறது என்றால் சாமிக்கு இவளை அனுப்ப மனசில்லை. ஊரும் அதை ஏற்றுக்கொண்டது. கெங்கம்மாளுக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். அதனால் கிருத்திகை தவறாமல் படியேறினாள். ஏறும்போது வலி இல்லை, ஆகவே குணமாகிறது என்று நினைத்தாள். இறங்குவது மட்டும் ஆட்டோவில். பக்கத்தில் ஒரு மருந்துக்கடைக்காரர் கொடுத்த இடுப்புப் பட்டையையும் கட்டிப் பார்த்தாள். அது அவளை விறைப்பாக நிமிர்த்தி வைத்தது. வலி இரண்டு மடங்கானது. பட்டையைக் கழற்றி ஆட்டுக்குட்டி கட்டும் முளையில் மாட்டினாள்.

மகன் குணசேகரனுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. சாமி பிடித்து வைத்திருக்கிற கதையைக் கேட்டுவிட்டு அம்மாவை மின்சார ரயிலில் ஏற்றிச் சென்னைக்கு ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ரயிலில் சைக்கிள் இல்லாததால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர் சுதா, நடுவயதுக்காரர், வலி எங்கே என்று கேட்டார். பிறகு இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார். எப்போது வலிக்காது?

கெங்கம்மாள் யோசித்துச் சொன்னாள். நடவு நட்டால் வலிக்காது. சைக்கிள் தள்ளினால் வலிக்காது. மலை ஏறினால் வலிக்காது. சொல்லச் சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது, பொய்க் கணக்கு ஒப்பிப்பதுபோல். டாக்டர் முகம் மலர்ந்தது. ஸ்கேன் எடுக்கச் சொன்னார், ஆனால் அது வருமுன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது மாதிரி இருந்தது.

முதுகெலும்புக்குள் நரம்புகள் போகிற பாதை வயதாக ஆகக் குறுகிவிடுகிறது என்றார். எலும்பும் தசைநாரும் தடித்து உள்பக்கம் நெருக்குகின்றன. நிமிர்ந்தால் பாதை இன்னும் இறுகும், குனிந்தால் கொஞ்சம் திறக்கும். படி ஏறும்போது உடம்பு தானாக முன்னால் சாய்கிறது, இறங்கும்போது பின்னால் நிமிர்கிறது.

கெங்கம்மாளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். சாமி பிடித்து வைத்திருக்கவில்லை.

முதலில் உடற்பயிற்சியும் மாத்திரையும். பிறகு படத்தைப் பார்த்துக்கொண்டே முதுகில் போடும் ஒரு ஊசி. வீக்கம் தணிந்தால் கொஞ்ச காலம் தாங்கும், எல்லோருக்கும் நிலைக்காது என்று முன்பே சொல்லியிருந்தார். ஆடிக் கிருத்திகைவரை தாங்கியது. ஆவணியில் சைக்கிள் மறுபடி வெளியே வந்தது.

அடுத்தது ஆபரேஷன் என்றதும் துளசிங்கத்துக்கு முகம் வெளுத்தது. முதுகைத் திறந்து கம்பி வைத்து முடுக்குவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். எலும்பு நகர்ந்திருந்தால் சிலருக்கு அது வேண்டும், இந்த அம்மாவுக்கு நகரவில்லை என்றார் டாக்டர். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கீறல், அதன் வழியாக ஒரு குழாய், குழாய்க்குள் விளக்கும் கேமராவும். நெருக்குகிற இடத்தை மட்டும் சீவி எடுப்பது.

கெங்கம்மாள் இடையில் புகுந்தாள். "வரப்ப வெட்டாம, மடையில அடச்ச சேத்த மட்டும் வாரி எடுக்கறதுங்களா?"

"ஆமாம்மா. ஆனா மடையில மறுபடி சேறு வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். கால் வலி நல்லா கொறையும். இடுப்புல கொஞ்சம் இருக்கலாம்."

அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. முழுசாகப் போய்விடும் என்று சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பாள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் துளசிங்கம், என்ன வேண்டிக்கொள்வது என்று கேட்டார். மொட்டையா, காவடியா?

"மேலேர்ந்து படி வழியா எறங்கி வரேன்னு வேண்டிக்கினேன்."

"ஏறி வரேன்னுதானே எல்லாரும் வேண்டிப்பாங்க?"

"ஏறுறதுல எனக்கின்னாய்யா கஷ்டம்?"

மறுநாள் மதியம் ஆபரேஷன். அதற்கு அடுத்த நாள் காலையில் நடக்கவைத்தார்கள். வராந்தாவில் அவள் கைகள் தாமாகவே முன்னால் நீண்டு கைப்பிடியைத் தேடின. இல்லை. கடைசிவரை போய்த் திரும்பினாள். கால்கள் கனக்கவில்லை. தையல் போட்ட இடம் மட்டும் சுருக்கென்றது. நர்ஸ் போதும் என்றாள். இன்னொரு தடவை போய் வந்தாள்.

டாக்டர் சொல்லும்வரை குனியக் கூடாது, பளு தூக்கக் கூடாது. சம்பா நடவின்போது கெங்கம்மாள் வரப்பில் நிமிர்ந்து நின்றாள். முப்பது வருடத்தில் நடவு எப்படி இருக்கும் என்று நின்று பார்த்தது அன்றைக்குத்தான். கோவிந்தம்மாளின் வரிசை கோணுகிறது என்று மேலேயிருந்து சொன்னாள். கோவிந்தம்மாள் இடுப்பில் கைவைத்து எழுந்து அண்ணியை முறைத்தாள்.

வருடக் கடைசி நாள் வந்தது. எல்லோரும் மஞ்சள் தட்டோடு அடிவாரத்தில் கூட, கெங்கம்மாளும் துளசிங்கமும் பஸ்ஸில் மேலே போனார்கள். தரிசன வரிசையில் நின்றாள். கால்கள் நின்றன. துளசிங்கத்தைப் பஸ்ஸிலேயே இறங்கி வரச் சொல்லிவிட்டு, படிகளின் உச்சியில் வந்து நின்றாள். கீழே தெரு, குளம், ரயில் பாதை எல்லாம் சின்னதாகக் கிடந்தன. இறங்கினாள்.

அரோகரா என்று ஏறி வருகிற கூட்டத்துக்கு எதிரே, மஞ்சள் படாத ஓரமாக, தலை நிமிர்ந்து. மூன்றாவது திருப்பத்தைத் தாண்டியபோது அதைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படியில் காலை வைத்தாள். பாதி வழியில் கோவிந்தம்மாள் ஒரு படியில் கையூன்றிக் குனிந்திருந்தாள். அவள் கண்ணில் முதலில் பட்டவை அண்ணியின் பாதங்கள்.

"இன்னா அண்ணி, எல்லாரும் ஏறிகினு கீறாங்க, நீ எறங்கிகினு வர?"

"சாமி அனுப்பி வெச்சிட்டாருடி."

கோவிந்தம்மாள் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த குங்குமம் பாதி படியில் கொட்டியது. இருவரும் சேர்ந்து அதை ஒதுக்கினார்கள். குனியலாம் என்று டாக்டர் போன வாரம்தான் சொல்லியிருந்தார்.

அடிவாரத்தில் துளசிங்கம் சைக்கிளோடு நின்றிருந்தார். பழக்கத்தில் கைப்பிடியை அவள் பக்கம் நீட்டினார். அவளும் பழக்கத்தில் பிடித்தாள். பிறகு விட்டாள்.

"உன் வண்டிய நீயே தள்ளு."

முன்னால் நடந்தாள். கொஞ்ச தூரம் கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. முந்தானையைப் பிடித்துப் பார்த்தாள், சரியாக வரவில்லை. பிறகு வீசி நடந்தாள். பின்னால் துளசிங்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கீரைக்காரர் கடையிலிருந்து எழுந்து நின்று பார்த்தார்.