அக்கா போடாத டிக்

போன மாதம் மஞ்சக்குப்பத்தில் எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி. எங்களுக்கு என்றால் தொடக்கப்பள்ளி டீச்சர்களுக்கு. "படிப்பு யாருடையது? பிள்ளையுடையது. அதை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்" என்று பயிற்சி தர வந்தவர் மைக்கில் சொன்னதும் கூடம் முழுக்கக் கைத்தட்டல். நானும் தட்டினேன். தட்டாமல் உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் இருப்பவர் ஒருமாதிரி பார்ப்பாரே. ஆனால் வயிறு எரிந்தது. கொடுக்கிறார்களாம்! எங்கள் அக்கா கையிலும் ஒரு வருஷம் கொடுத்துத்தான் பார்த்தார்கள்.

எங்கள் ஊர் குமராட்சிப் பக்கம். அப்போது நான் மூன்றாவது, அக்கா நாலாவது. தம்பி பிறந்தபிறகு அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போகிற நாளெல்லாம் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டில் நின்றவள் அக்காதான். அப்படி நின்று நின்றே நாலாவதுக்கு வந்தும் அவளுக்கு எழுத்துக் கூட்ட வரவில்லை. மக்கு என்று பேர் வைத்துவிட்டார்கள். வைத்தவர்களில் நானும் உண்டு.

அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் புது முறை வந்தது. ஒன்றாவதிலிருந்து நாலாவது வரை ஒரே அறை. பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய் விரித்தார்கள். பாடப் புத்தகத்துக்குப் பதில் தட்டுத் தட்டாக அட்டைகள், அட்டைக்கு ஒரு நம்பர். ஒன்றை முடித்து டீச்சரிடம் படித்துக் காட்டினால் அடுத்ததை எடுக்கலாம். சுவரில் பெரிய சார்ட், ஆளுக்கு ஒரு வரிசை. முடித்த அட்டைக்கு நேராக அவரவர் கையாலேயே டிக் போட்டுக்கொள்ள வேண்டும். "இனிமே ஒங்க படிப்பு ஒங்க கையில. யாரும் ஒங்கள இழுக்கமாட்டாங்க, தள்ளவும் மாட்டாங்க" என்றார் டீச்சர். பிரம்பு பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது. எங்களுக்கு வாயெல்லாம் பல்.

அக்கா முதல் அட்டையிலிருந்து ஆரம்பித்தாள். ஒன்றாவது வாண்டுகளுக்கு நடுவில் தென்னை மாதிரி உட்கார்ந்திருப்பாள், கொஞ்சம்கூட வெட்கப்பட்டதில்லை. ஒரு அட்டைக்கு மூன்று நாள், நாலு நாள் ஆகும். மற்ற பிள்ளைகள் டீச்சர் அந்தப் பக்கம் திரும்பினால் ஒரு டிக்கைக் கூடுதலாகப் போட்டுக்கொள்வார்கள். நானே இரண்டு அப்படிப் போட்டவள்தான். அக்காவோ, டீச்சரே "போதும்டி, போட்டுக்க" என்றாலும் விடமாட்டாள். "இன்னொரு வாட்டி படிச்சிட்டுப் போட்டுக்கறேன் டீச்சர்" என்பாள். அதைக் கேட்டு நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் முப்பத்தொன்று முடித்திருந்தாள். சிதம்பரம் போகும் மினிபஸ் வந்தால் அதன் நெற்றியில் எழுதியிருப்பதை எழுத்து எழுத்தாகக் கூட்டி, பஸ் போனபிறகு சத்தமாகச் சொல்வாள். அம்மாவுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். "பெரிய லீவுக்குள்ள நல்லா படிக்க வந்துடுச்சின்னா அஞ்சாவது போ. வரலன்னா வூட்ல இருந்து தம்பியப் பாத்துக்க. என்னால ஜாஸ்தி நாள் வேலைக்குப் போவாம இருக்க முடியாது" என்று சொல்லியிருந்தாள். அம்மா சொன்னால் சொன்னதுதான், அது அக்காவுக்கும் தெரியும்.

அப்போதுதான் கடலூரிலிருந்து அதிகாரி பார்வைக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. திங்கட்கிழமை வருகிறார் என்றால் வெள்ளிக்கிழமையே டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. மணி அடித்ததும் அக்கா தம்பியைத் தூக்க ஓடிவிட்டாள். என்னை மட்டும் டீச்சர் நிற்கச் சொன்னார். நான் குழுத் தலைவி.

"ஒங்கக்கா வரிசய பாரு, பாதிக்கு மேல மொட்டையா நிக்குது. நாலாவது புள்ள இன்னும் முப்பத்தொண்ணுல நின்னா மெமோ எனக்குத்தான் வரும். அறுபது வரைக்கும் ரொப்பிடு. நான் போட்டா பெரியவங்க கைன்னு தெரிஞ்சிடும்."

இப்படிச் சொல்லித் தன் பச்சைப் பேனாவை என் கையில் கொடுத்தார். டீச்சருடைய சொந்தப் பேனா! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டூல்மேல் ஏறி நின்று, நாக்கைத் துருத்திக்கொண்டு, வால் நீளமாக இருபத்தொன்பது டிக் போட்டேன். அக்காவுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அவள் ஒரு வருஷமாக உயிரை விட்டதை நான் பத்து நிமிஷத்தில் முடித்துக் கொடுத்துவிட்டேன் அல்லவா! வீட்டுக்குப் போய் அவளிடம் மூச்சுவிடவில்லை. டீச்சர் சொல்லக் கூடாது என்றிருந்தார்.

அதிகாரி நல்ல மனிதர். அதைச் சொல்லத்தான் வேண்டும். நாற்காலி போட்டும் உட்காராமல் எங்களோடு பாயில் உட்கார்ந்தார். சார்ட்டைப் பார்த்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டு அறுபதாவது அட்டையை நீட்டினார்.

"அது எனக்கு இன்னும் வரல சார். முப்பத்திரெண்டுதான் நடக்குது" என்றாள் அக்கா. குரலில் பயமே இல்லை.

"சார்ட்ல அறுபது வரைக்கும் டிக் இருக்கேம்மா?"

அக்கா எழுந்து போய்த் தன் வரிசையைப் பார்த்தாள். என் கை அவளுக்குத் தெரியாதா? வீட்டுச் சுவரெல்லாம் நான் கிறுக்கியதுதான். திரும்பி நேராக என்னைப் பார்த்தாள். அதற்குள் டீச்சர் முந்திக்கொண்டார்: "இந்த முறையில நாங்க சார்ட்டத் தொடறதே இல்ல சார். புள்ளைங்களே போட்டுக்கறதுதான். அவளா போட்டுக்கினு இருக்கா."

"நீயாம்மா போட்ட?"

அக்கா டீச்சரைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். நான் என் அட்டையை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். பயத்தில் வாயடைத்துவிட்டது என்று இன்றைக்குச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அதெல்லாம் இல்லை. குழுத் தலைவி வேலை போய்விடுமே என்ற கவலைதான்.

அதிகாரி திட்டவில்லை, அடிக்கவில்லை. "பயப்படாதம்மா. ஆனா படிக்காததுக்கு டிக் போடக் கூடாது. இது ஒன் படிப்பு, நீதான் பொறுப்பு. மொதல்லேர்ந்து திரும்ப ஆரம்பி" என்று அன்பாகத்தான் சொன்னார். டீச்சர் ஒரு வெள்ளைத் தாளை நீளமாக வெட்டி, பசை தடவி அவள் வரிசைமேல் ஒட்டினார். நான் போட்ட இருபத்தொன்பதோடு அவள் படித்துப் படித்துப் போட்ட முப்பத்தொன்றும் அடியில் போய்விட்டது. "கள்ள டிக்கு, கள்ள டிக்கு" என்று ஒரு வாண்டு ஆரம்பிக்க, மற்றவையும் சேர்ந்துகொண்டன.

மறுநாளிலிருந்து அக்கா வருவாள், பாயில் உட்காருவாள், அட்டையை மட்டும் தொடமாட்டாள். டீச்சரும் கேட்கவில்லை. அம்மா ஒருநாள் வந்து விசாரித்தபோது, "புள்ளையா விரும்பி எடுக்கணும்மா, நாங்க திணிக்கக் கூடாது. அவளுக்கே ஆர்வம் இல்ல" என்றார். எவ்வளவு வசதியான பதில்! இதே பதிலை நானும் சில அம்மாக்களிடம் சொல்லியிருக்கிறேன்.

அக்கா ஏன் படிக்கவில்லை என்று யாராவது கேட்டால் அம்மா இன்றைக்கும் "அவளா நின்னுட்டா" என்றுதான் சொல்கிறாள். பெரிய லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டே அக்காவிடம் கேட்டாள்: "போறியா, இருக்கறியா? ஒன் இஷ்டம்டி. பின்னால என்னக் குத்தம் சொல்லாத."

அக்கா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று என்னையே பார்த்தாள். கண்ணைக்கூடக் கொட்டவில்லை. "அந்த டிக்கெல்லாம் நான் போட்டதும்மா, அக்கா முப்பத்தொண்ணு நெஜமாவே படிச்சா" என்று நான் சொல்லியிருந்தால் போதும். அம்மா என் முதுகில் ரெண்டு வைத்துவிட்டு அவளை அனுப்பியிருப்பாள். லீவு முழுக்க அக்கா அதற்குத்தான் காத்திருந்திருக்கிறாள். எனக்கோ, என் புது யூனிபார்மைத்தான் பார்க்கிறாள் என்று தோன்றியது. பாவம், அவளுக்கும் ஆசையாக இருக்கும் என்று பாவாடையை இரண்டு கையாலும் விரித்து, நன்றாகத் தெரியும்படி அவள் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.