பெயரும் ஊரும் கேட்ட பெட்டி

போர் முடிந்த பிறகு, மட்டக்களப்பில் இருந்த என் மீன்வலைக் கடைக்காக இணையத்தில் ஒரு பிளாக் தொடங்கினேன். ஒவ்வொரு பதிவின் கீழும் "உங்கள் கருத்தை எழுதுங்கள்" என்று கெஞ்சினேன். ஒருவரும் எழுதவில்லை. எரிச்சலில் மூடிவிட நினைத்தேன்.

வாகரையிலிருந்து வலை பின்னும் நூல் வாங்க வந்த ஒரு அக்காதான் சொன்னார்: "நாங்க மகன்ட போன்ல எல்லாத்தையும் வாசிக்கிறம் தம்பி. எழுதப் போனா பேரும் ஊரும் கேக்குது. இவ்வளவு காலமும் அதச் சொல்லிப் பட்டது போதாதா?"

சோதனைச் சாவடிகளில் அதே கேள்விக்கு நடுங்கியவன் நான். வெட்கத்தோடு கருத்துப் பெட்டியிலிருந்த அந்த இரண்டு கட்டங்களையும் நீக்கினேன்.

அடுத்த பதிவு, வலை கிழிவதைப் பற்றியது. அதன் கீழ் பெயரில்லாமல் எழுதத் தொடங்கினார்கள். சுனாமி இழுத்துப்போன கூரைத் தகடு கடலுக்குள் எங்கே கிடக்கிறது, எந்தத் தூணில் வலை மாட்டும் என்று ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்ந்தார். எந்த வரைபடத்திலும் இல்லாத கடலடி என் கண்முன் விரிந்தது. மலைத்துப் போனேன்.

கடைசியாக ஒருவர் எழுதியிருந்தார்: "அந்தத் தூண் எங்கட வீட்டுத் தூண். வலை மாட்டினா இழுக்காதீங்க, மெல்லக் கழட்டுங்க."

அவர் பெயர் இன்றும் எனக்குத் தெரியாது. அவர் வீட்டுத் தூண் கிடக்கும் இடம், இந்தக் கரையில் வலை போடும் எல்லோருக்கும் தெரியும்.