இறுதி ஆட்டத்தில் தண்ணீர் சுமந்தவர்

மெல்பேர்ன் புறநகரான ரோவிலில் எங்கள் வீட்டுப் பின்னறையில் அம்மாவின் தம்பி தங்கியிருந்தார். பகலில் கோழி வெட்டும் தொழிற்சாலை, மாலையில் ஃபுட்டி எனும் அவுஸ்திரேலிய உதைபந்து. யாழ்ப்பாணத்தில் உதைபந்தாடியவர், இந்த முட்டை வடிவப் பந்தையும் ஒரே வருடத்தில் வசப்படுத்தி, எங்கள் பகுதிக் கழகத்தில் இடம்பிடித்துவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க, மழையென்றாலும் நானும் கூடவே போவேன்.

இறுதி ஆட்டத்துக்கு முந்திய பயிற்சி முடிந்ததும் பயிற்சியாளர் மாமாவை வாங்கில் இருத்தி, தன் பூட்டனாரின் கதையைச் சொன்னார். நூறு வருடத்துக்கு முந்திய ஆட்டக்காரர் அவர். சனிக்கிழமைகளில் பால் கறந்துவிட்டு, ரயிலேறி மெல்பேர்னுக்கு வந்து ஆடுவாராம். விலா எலும்பு முறிந்தபோதும் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடினாராம். அந்த வருடம் கழகம் இறுதி ஆட்டத்துக்குப் போனபோது, காயம் ஆறித் திரும்பிய பெரிய ஆட்டக்காரர் ஒருவருக்காக அவரை அணியிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"ஒரு முறைப்பாடு இல்லை. அணிக்குத் தண்ணீர் சுமந்தார். கழகத்து மனிதன் என்றால் அதுதான்" என்றார் பயிற்சியாளர்.

மாமா ஒன்றுதான் கேட்டார். "அதற்குப் பிறகு ஆடினாரா?"

"இல்லை. பண்ணைக்குப் போய்விட்டார். யாரும் கூப்பிடவில்லை." அதையும் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார். பாதிக் குளிர்காலத்தைப் பாலித் தீவில் கழித்துவிட்டு வந்த அவருடைய தங்கை மகன், மாமாவின் இடத்தில் ஆடப் போகிறான். தண்ணீர் கொண்டு ஓட ஓர் ஆள் வேண்டும்.

மாமா ஓடினார். எல்லோரையும்விட அவரே அதிகம் மைதானத்துக்குள் போய் வந்ததாக எனக்குப் பெருமை. கடைசியில் நாங்கள் வென்றோம். ஆட்டக்காரர்கள் வட்டமாகத் தோள்கோத்து நின்று கழகப் பாட்டைப் பாடினார்கள். மாமா புல்லில் கிடந்த போத்தல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா குசினிக்குள்ளிருந்து கேட்டா: "என்னடா, மச் என்ன மாதிரி?"

"வெண்டிட்டாங்கள்" என்றார் மாமா.

நான் அப்போது தமிழ்ப் பள்ளியில் வகுப்பிலேயே முதல். சும்மா விடுவேனா. "வெண்டிட்டம் எண்டு சொல்லோணும், மாமா."

"ஓம், பிள்ளை" என்றுவிட்டு அவர் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

யாழ்ப்பாணத்தில் படித்து வளர்ந்தவருக்குத் தன்மை எது, படர்க்கை எது என்று தெரியவில்லையே என்று எனக்கு அன்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.