கிணற்றடி வெட்டிவேர்

ஈர மண்ணோடு பிடுங்கிய வெட்டிவேரின் வாசனை மற்றவர்களுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். நான் எழுந்து தள்ளிப் போய்விடுவேன். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, மாதனூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டின் கிணற்றடி மண் சரியாமல் இருக்க, அப்பா அந்தப் புல்லில் ஆறு தூர் நட்டார். ஒன்றரை வருடத்தில் அது என் தலைக்கு மேல் வளர்ந்து நின்றது. அம்மா அதன் வேரை அலசிக் காயவைத்துக் குடிதண்ணீர்ப் பானையில் போடுவாள்.

அந்தக் கோடையில், அப்பா வேலை செய்த, தோல் பதனிடும் "ஷாப்பு"க் கழிவுநீரை எங்கள் வேலியிலிருந்து அறுபத்துநான்கு தப்படி தள்ளி ஒரு வாய்க்காலில் விட்டார்கள். கிணற்று நீர் மெல்லக் கரித்தது, பிறகு நாறியது. அம்மா இன்னும் இரண்டு பிடி வேர் போட்டாள். நாற்றம் அடங்கிவிட்டது, நாங்கள் குடித்தோம். நான்கு வயதுத் தங்கை எஸ்தருக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை.

"கொயந்தைக்கு இந்தத் தண்ணி வாணாம் அண்ணி, மேட்டுக் கெணத்துல எடுத்துனு வாங்க" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. மேட்டுக் கிணறு ஒன்றரை மைல். அம்மா குடத்தை இடுப்பில் வைத்துப் புறப்பட்டபோது அப்பா மறித்தார்.

"எதுக்கெடுத்தாலும் ஷாப்பத்தான் சொல்றது. தண்ணி கெட்டிருந்தா மொதல்ல இந்தப் புல்லு கருகி இருக்காதா? டேய் கணக்குப்புள்ள, எத்தினி குருத்து வந்திருக்குதுன்னு எண்ணிச் சொல்லு."

எதையும் எண்ணிவைக்கும் பழக்கம் எனக்கு அப்போதே இருந்தது. முன்பு இருபத்துமூன்று இருந்த தூரில் நாற்பத்தொன்று இருந்தது. பெருமையாகச் சொன்னேன்.

"பாத்தியா, ஜாஸ்திதான் ஆயிருக்குது" என்று அப்பா சிரித்தார். அம்மா குடத்தை இறக்கி வைத்தாள்.

அதிலிருந்து பதினோராம் நாள் எஸ்தர் இறந்தாள். தண்ணீரால்தான் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. சாக்கடையிலும் தோல் கழிவிலும்கூட வெட்டிவேர் செழித்து வளரும் என்று நான் படித்துத் தெரிந்துகொண்டபோது, அதை அவரிடம் சொல்ல அப்பா உயிரோடு இல்லை.

ஓய்வு பெற்று இப்போது அதே வீட்டில்தான் இருக்கிறேன். கிணற்றை மூடிச் சிமென்ட் பூசியாயிற்று. குடிக்க வாரத்துக்கு மூன்று கேன் வருகிறது. அம்மா இல்லை, அத்தை இல்லை, எஸ்தருக்கு ஒரு போட்டோ கூட இல்லை. புல் மட்டும் இருக்கிறது. போன மாதம் அதைத் தோண்டியெறிய ஆள் கூப்பிட்டேன்.

"இன்னா சார், இவ்ளோ பச்சையா நிக்குது, இதப் போயி..." என்றார் அவர்.

"தோண்டுப்பா" என்றேன்.

ஐந்தடி தோண்டிவிட்டு, வேர் இன்னும் கீழே போகிறது என்று சொல்லி மேலே ஏறிவிட்டார்.