அடக்கமான பெண் என்று பேரெடுத்த அக்கா

ரப்பர் தகடுகளுக்குப் புகைபோடும் கொட்டகைக்கென்று ஒரு நாற்றம் உண்டு. தகடு வாங்க ஆளில்லாமல் அடுப்பு அணைந்துபோன, ஜப்பான்காரன் ஆண்ட காலத்திலும் அந்தப் புளித்த கரிவாடை பலகையை விட்டுப் போகவில்லை. லாயாங் லாயாங் ஊருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் சிப்பாய்களின் லாரிச் சத்தம் கேட்டாலே, வயதுக்கு வந்திருந்த ஞானம்மா அக்காவை அம்மா அந்தக் கொட்டகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவார். நான் சின்னப் பெண், எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

அக்கா அதுவரை சரியான 'வாயாடி'. மாதா கோயிலில் செபம் சொல்லும்போதுகூடச் சிரித்துவிடுவாள். "ஒன் சத்தத்துக்கே சப்பான்காரன் வந்துருவான், வாய மூடுடி" என்று அம்மா அதட்டுவார்.

ஒருநாள் கோழி பிடிக்க வந்த சிப்பாய்கள், தங்களை வணங்கிக் குனிந்த குனிவு போதாது என்று அப்பாவை அறைந்து, கொட்டகைக்கு எதிரிலேயே வெயிலில் முட்டிபோட வைத்தார்கள். அக்கா பலகை இடுக்கு வழியே அத்தனையும் பார்த்திருக்கிறாள். அவர்கள் போன பிறகு கதவைத் திறந்தால், சத்தம் வராமலிருக்கத் தன் கையைத் தானே கடித்து, ரத்தம் வழிய உட்கார்ந்திருந்தாள். அம்மா அந்தக் கையைக் கழுவிவிட்டு கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த 'லயம்' முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார். "மூச்சு விடலயே எம்மவ. பொட்டப்புள்ளன்னா இப்படில்ல இருக்கணும்."

அதன்பின் அக்கா பேச்சைக் குறைத்தாள், பிறகு விட்டேவிட்டாள். மரவள்ளிக்கிழங்கை வைத்தால் தின்பாள், வைக்காவிட்டால் கேட்கமாட்டாள். பிள்ளை உள்ளுக்குள் ஒடிந்துகொண்டிருக்கிறாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. வயதுப் பெண்ணுக்கு அடக்கம் வந்துவிட்டதாம்.

ஜப்பான்காரன் தோற்ற செய்தி வந்ததும் அப்பா ஓடிவந்து, "அவனுங்க போயிட்டானுங்க தாயி, இனிமே வாய்விட்டுப் பேசு" என்றார். அக்கா எழுந்துபோய் அவர் வாயைப் பொத்தினாள். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

மாதா கோயில் சாமியார் மந்திரித்த தண்ணீருக்கும் அவள் ஊமைத்தனம் தீரவில்லை. கூலாயிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு அமைதியா இருக்கு, எங்களுக்குப் புடிச்சிருக்கு" என்று சொல்லிக் கட்டிக்கொண்டு போனார்கள். கல்யாணத்தன்று கோயில் பீடத்தின் முன்னால் சம்மதம் சொல்ல அவள் உதடு மட்டும் அசைந்தது.

அந்தத் தோட்டம் இன்று எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு. கொட்டகையும் லயமும் இருந்த சுவடில்லை. இப்போதெல்லாம் ஒரு பிள்ளை முகம் வாடியிருந்தால் பள்ளியிலேயே கூப்பிட்டு என்னவென்று கேட்கிறார்களாம். அக்காவின் சாவுக்குப் போயிருந்தபோது அவள் மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கமானவங்க சின்னம்மா, அதிர்ந்து ஒரு வார்த்த பேசுனதில்ல" என்றாள். வேறொரு ஞானம்மாவைத் தெரிந்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். நானும் "ஆமாம்மா" என்றுதான் சொன்னேன்.