கன்னத்தில் விழுந்த சொட்டு

இருபது வருடமாகக் கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து எழுதுகிறேன். அதனால்தான் கண் டாக்டர்களுக்கான அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், வறட்சிக்கான சொட்டு மருந்தைக் கொடுத்து அவரவர் கண்ணில் விட்டுக்கொள்ளச் சொன்னபோது எரிச்சல் வந்தது. இதற்கா நாகர்கோவில் வரை வரவழைத்தார்கள்?

என் முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது சட்டையில். பக்கத்து டாக்டர் சிரிக்கவில்லை. அவர் சட்டையும் நனைந்திருந்தது. வீட்டுக்கு வந்து, சரியாக விழும்வரை பழகினேன்.

மறுநாள் குளச்சல் மீனவர் ஒருவர் வந்தார். அழுத்தம் குறையாததால் அவருக்கு ஒரு மருந்தை மூன்றாக்கியிருந்தேன். அறுவை சிகிச்சைக்கு அனுப்பும் கடிதமும் தயாராக இருந்தது.

"மருந்து ஒழுங்கா விடுதியளா?"

"ஒரு நாளும் முடக்கினதில்ல, டாக்டரே."

"என் முன்னால விட்டுக் காட்டுங்க."

மூன்று சொட்டும் கன்னத்தில் வழிந்தன. துடைத்துக்கொண்டே சொன்னார்: "இது எளுப்பமில்ல டாக்டரே. நீங்க விட்டுக் காட்டுங்க பாப்பம்."

வறட்சி மருந்தை எடுத்தேன். கீழிமையை இழுத்துப் பிடித்து அண்ணாந்தேன். முதல் சொட்டே கண்ணுக்குள் விழுந்தது.

கடிதத்தை மேசைக்குள் போட்டுவிட்டு, "இப்ப நீங்க" என்றேன்.